82 சதவீதத்தின் தீர்ப்பு

ஆக்ஸோ என்பது சூப்பில் கரைத்துப் போடுகிற சின்னச் சுவைக் கட்டி. 2007 ஜனவரியில், பிரிட்டனின் ‘செலிபிரிட்டி பிக் பிரதர்’ தொலைக்காட்சிப் போட்டி வீட்டில் அதை வைத்துக் கிளம்பிய சண்டை அந்நாட்டு நாடாளுமன்றம் வரை போனது. இந்திய நடிகை ஷில்பா ஷெட்டியைப் பார்த்து சக போட்டியாளர் ஜேட் குடி தொண்டை கிழியக் கத்தினார். மற்ற போட்டியாளர்களான ஜோ ஓமீராவும் டேனியல் லாய்டும் ஜேட் பக்கம். ஷில்பாவின் பேச்சு, சமைத்த கோழி, பெயர் எல்லாமே கேலிக்கு ஆளாகின. ‘ஷில்பா பாப்படம்’ என்றார் ஜேட். நம் பப்படம் கடல் கடந்து போய் வசைச்சொல்லானது அங்கேதான்.

மூவரையும் கொடியவர்கள் என்று சொல்லிவிட்டால் கதை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் அந்த வீட்டின் விதிகளையும் பார்க்க வேண்டும். தொலைபேசி இல்லை, வெளி உலகச் செய்தி இல்லை. யாரை வெளியேற்றலாம் என்று பெயர் சொல்லியாக வேண்டும். துணைக்கு நாலு பேர் இல்லாதவர் பெயர்தான் முதலில் வரும். கோஷ்டி சேராதவருக்கு அங்கே பிழைப்பில்லை.

வெளியே கொந்தளிப்பு. ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காமுக்கு 44,000-க்கும் மேற்பட்ட புகார்கள். பாட்னாவில் கொடும்பாவி எரித்தார்கள். இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்த பிரிட்டிஷ் நிதியமைச்சர் கார்டன் பிரவுன், பொருளாதாரத்தை விட்டுவிட்டு இதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. விளம்பரதாரர் விலகினார். ஜனவரி 19 அன்று பார்வையாளர்களின் 82 சதவீத வாக்குகளோடு ஜேட் வெளியேற்றப்பட்டார். ஷில்பா கடைசியில் வென்றார்.

இது நீதியா?

பாதி நீதி என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. ஷில்பா அழுதது நடிப்பல்ல. ஜேட் தன் வாயால் சொன்னதற்கு ஜேட்தான் பொறுப்பு. ஆனால் 2002-இல் இதே ஜேட் சாதாரணப் போட்டியாளராக வந்தபோது, பத்திரிகைகள் அவரைப் பன்றி என்று எழுதின. அவருடைய அறியாமையைப் பார்த்து நாடே சிரித்தது. அந்தச் சிரிப்புதான் அவரைப் பணக்காரராக்கியது. எந்த வெகுளி வாய்க்காக அவரை மீண்டும் அழைத்தார்களோ, அதே வாய்க்காகத் தண்டித்தார்கள். கூட்டமாகச் சேர்ந்து ஒருத்தியைக் கேலி செய்வது தவறென்றால், வீட்டுக்கு உள்ளே ஒரு கணக்கு, வெளியே ஒரு கணக்கு என்று இருக்க முடியுமா?

நிறுத்தக்கூடிய அதிகாரம் இருந்தவர்கள் கேமராவுக்குப் பின்னால் இருந்தார்கள். நிகழ்ச்சியை ஒளிபரப்பிய சேனல் 4 விதிகளை மீறியது என்று 2007 மே மாதம் ஆஃப்காம் தீர்ப்பளித்தது. அபராதம் இல்லை, அந்த முடிவைத் திரையில் அறிவிக்க வேண்டும், அவ்வளவுதான். வாயால் பேசியவரின் பிழைப்பு போனது. பார்த்துக்கொண்டிருந்த நிறுவனத்துக்கோ ஓர் அறிவிப்போடு முடிந்தது.

2008-இல் இந்தியாவின் ‘பிக் பாஸ்’ ஜேடை அழைத்தது. தொகுப்பாளர் ஷில்பா ஷெட்டி. பழைய அவமானம் புதிய சீசனுக்கு விளம்பரமானது. உள்ளே நுழைந்த சில நாட்களிலேயே, கருப்பைவாய்ப் புற்றுநோய் என்ற செய்தி ஜேடுக்கு அந்த வீட்டுக்குள்தான் சொல்லப்பட்டது. 2009 மார்ச்சில் இறந்தபோது ஜேடுக்கு வயது 27.