பட்டாளத்திலிருந்து திரும்பியவரும் அவர் வீட்டாரும்



நம் வேலூர் பக்கம் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் நிறைய. பென்ஷன் வருகிறது, கேன்டீன் கார்டு இருக்கிறது. ஆனால் சிலருக்கு இரவில் தூக்கம் இல்லை. பட்டாசுச் சத்தம் கேட்டால் உடம்பு நடுங்குகிறது. பிள்ளைகள் மீது காரணமில்லாத கோபம். இதற்கென்று ஒரு பெயர் வைத்து அமெரிக்க மனநல மருத்துவர்கள் நோய்ப் பட்டியலில் சேர்த்ததே 1980-ல்தான், வியட்நாம் போர் முடிந்த பிறகு.

அவர் எதையும் வாய் திறந்து சொல்வதில்லை. மனைவிக்கோ தெரிந்தாக வேண்டும். யார் பக்கம் நியாயம்?

ஹிரா குகையிலிருந்து பெருமானார் (ஸல்) அவர்கள் நடுக்கத்தோடு வீட்டுக்கு வந்தபோது, அன்னை கதீஜா (ரழி) அவர்கள் என்ன செய்தார்கள்? (வஹீயை நோயோடு ஒப்பிடுவதை விட்டும் அல்லாஹ் காப்பானாக! வீட்டிலுள்ளவர் நடந்துகொண்ட முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.) முதலில் போர்த்திவிட்டார்கள். பயம் தணிந்த பிறகு பெருமானாரே நடந்ததைச் சொன்னார்கள். அன்னை அவர்களின் நற்குணங்களை எடுத்துச் சொல்லித் தைரியமூட்டி, பின்பு விஷயம் தெரிந்த வரகா இப்னு நவ்ஃபலிடம் கூடவே அழைத்துப் போனார்கள்.

போர்வை முதலில். பேச்சு பிறகு. எல்லையில் என்ன பார்த்தீர்கள் என்று மனைவி தோண்டித் துருவ வேண்டியதில்லை. அது அவருடைய இரகசியம், அமானிதம். ஆனால் நோய் எப்படிப்பட்டது, என்ன மாத்திரை, கெட்ட கனவில் அலறினால் தொட்டு உலுக்காமல் சற்றுத் தள்ளி நின்று பெயர் சொல்லி எழுப்ப வேண்டும் என்பதெல்லாம் மனைவிக்குத் தெரிய வேண்டும். அதை மறைப்பது அமானிதம் ஆகாது. சாவைப் பற்றிப் பேசுகிறார், வீட்டில் லைசென்ஸ் துப்பாக்கியும் இருக்கிறது என்றால், அங்கே இரகசியத்துக்கு வேலையே இல்லை.

உமர் (ரழி) அவர்கள், படைவீரர் மனைவியைப் பிரிந்திருக்கும் காலத்துக்கு வரம்பு வைத்தார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உண்டு. வீட்டிலிருப்பவளுக்கும் ஹக்கு உண்டு என்பதால்தானே? ஆகவே, நோயாளி என்பதற்காக அவரிடம் அடி வாங்கிக்கொண்டு இரு என்று யாரும் அந்தப் பெண்ணுக்குச் சொல்லாதீர்கள். அது ஸப்ர் அல்ல.

2017-ம் ஆண்டு மனநலச் சட்டப்படி, தன் சார்பில் பேச ஒருவரை நோயாளியே எழுத்து மூலம் நியமிக்கலாம். அவர் அண்ணன் தம்பியை விட்டுவிட்டுப் பழைய பட்டாளத்து நண்பரின் பெயரை எழுதினால், குடும்பத்தார் கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்த நண்பரையும் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போடுங்கள்.

முன்னாள் ராணுவத்தினருக்காக 2003-ல் வந்த இ.சி.எச்.எஸ். திட்டத்தில் மனைவிக்கும் சிகிச்சை உரிமை உண்டு. அவர் கிளினிக்குக்கு வர மறுத்தால், மனைவி தன் தூக்கமின்மைக்காகவாவது முதலில் போய்ப் பார்க்கட்டும். போனில் பேச 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

ஓதிப் பார்க்க என்னிடம் அழைத்து வருகிறார்கள். ஓதுகிறேன். ஆனால் மாத்திரையை நிறுத்தலாமா ஹஸ்ரத் என்று கேட்டால், அதை டாக்டரிடம் கேளுங்கள் என்றுதான் சொல்வேன்.