விரலின் பயிற்சியும் நெஞ்சின் பங்கும்

எங்கள் மேல்வீட்டில் ஒரு சிறுமி பியானோ படிக்கிறாள். பரீட்சை நெருங்கினால் அஸருக்குப் பிறகு ஒரு மணி நேரம் ஒரே சுரவரிசையைத் திரும்பத் திரும்ப வாசிப்பாள். பாட்டு என்று சொல்ல அதில் எதுவுமிராது. ஒருநாள் படிக்கட்டில் கண்டபோது, "ஏன் மகள், ஒரு பாட்டு வாசித்தாலென்ன?" என்று கேட்டேன். "இது விரலுக்கு, அங்கிள். பாட்டு பிறகுதான்" என்றாள்.

அந்தப் பதில் என்னை விடவில்லை. மனம் சேராமல் விரல் மட்டும் செய்யும் ஒன்றுக்குப் பெறுமதி உண்டா? அது ஒருநாள் மனத்தையும் கூட்டிக்கொண்டு வருமா, அல்லது மனமில்லாமலே காரியத்தை முடித்துவிடப் பழக்கிவிடுமா? இசை ஆகுமா, ஆகாதா என்ற சர்ச்சைக்குள் நான் புகவில்லை. என் தொழுகையிலும் ஓதலிலும் நெடுங்காலமாக இருந்துவரும் கேள்வி இது. அந்தப் பிள்ளையின் விரல்கள் அதைக் கிளறிவிட்டன.

மேலைத்தேய இசையில் இத்தகைய பயிற்சிகளை 'எத்யூட்' என்பார்கள். பிரெஞ்சு மொழியில் 'கற்கை' என்று பொருள். ஒவ்வோர் எத்யூட்டும் வாசிப்பிலுள்ள ஒரு குறிப்பிட்ட சிரமத்தை எடுத்துக்கொண்டு, அது கைவசப்படும்வரை அதையே சுற்றிச் சுற்றி வரும். 19ஆம் நூற்றாண்டில் பியானோ ஐரோப்பிய நடுத்தர வர்க்கத்து வீடுகளுக்குள் வந்தபோது இவை பெருகின. பீத்தோவனின் மாணவரும் லிஸ்டின் ஆசிரியருமான கார்ல் செர்னி (1791-1857) நூற்றுக்கணக்கில் எழுதிக் குவித்தார். 1873இல் ஹனோன் என்ற பிரெஞ்சுக்காரர் 60 பயிற்சிகள் கொண்ட நூலொன்றை வெளியிட்டார். ஐந்து விரல்களையும் சம பலமுள்ளவையாக ஆக்குவதே அதன் நோக்கம். அதில் ராகமில்லை, உணர்வுமில்லை. முதலில் உடம்பு, பிறகு உள்ளம் என்பதுதான் அதன் கொள்கை.

ஷொப்பானின் வழி வேறு. 1833இல் 12, 1837இல் இன்னும் 12 என்று இரண்டு தொகுதிகளாக அவரது எத்யூட்கள் வெளிவந்தன. முதல் தொகுதியின் இரண்டாவது எத்யூட்டில், வலக்கையின் பலங்குறைந்த மூன்று விரல்கள் எந்தக் கட்டையையும் விடாமல் அடுத்தடுத்து ஏறி இறங்கவேண்டும்; மற்ற இரு விரல்களும் அதே நேரத்தில் வேறு சுரங்களைத் தொடவேண்டும். கடுமையான பயிற்சிதான். ஆனால் அது இசையாகவும் இருக்கிறது. சிரமத்தையும் அழகையும் அவர் பிரித்து வைக்கவில்லை. விரல்கள் இயல்பிலேயே சமமற்றவை, ஒவ்வொன்றின் தன்மையையும் அறிந்து வளர்க்கவேண்டுமே தவிர எல்லாவற்றையும் ஒன்றாக்க முயலக்கூடாது என்பது அவரது எண்ணம். 1915இல் டெபுஸ்ஸி தம் 12 எத்யூட்களை ஷொப்பானின் நினைவுக்கு அர்ப்பணித்தார். அவற்றில் முதலாவது, செர்னியின் ஐந்து விரல் பயிற்சியைப் போலத் தொடங்கி அதையே கேலி செய்கிறது.

பயிற்சிக்கும் படைப்புக்குமிடையிலான இந்த உறவு நமக்குப் புதியதல்ல. உஸ்மானியத் துருக்கியில் எழுத்தணிக் கலையைக் கற்பதற்கு 'மஷ்க்' என்று பெயர். ஆசிரியர் எழுதிக் கொடுத்ததை மாணவன் பார்த்துப் பார்த்து எழுதவேண்டும். இசையை ஆசிரியரின் வாயிலிருந்து கேட்டு மனனம் செய்வதற்கும் அதே பெயர்தான். எழுத்துப் பயிலும் மாணவன் முதலில் எழுதுவது, காரியத்தை இலகுவாக்கி நன்மையில் முடித்துத் தரும்படி இறைவனிடம் கேட்கும் துஆவாகும். கை பழகுவதற்கு வெறும் கோடுகளே போதும். ஆனால் அவர்கள் ஒரு பிரார்த்தனையைக் கொண்டு தொடங்கினார்கள். ஈரானிலோ, ஒரே தாளில் எழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்றாக எழுதிக் கறுப்பாக்கிய பயிற்சித் தாள்களே காலப்போக்கில் கலைப்படைப்புகளாக மதிக்கப்பட்டன.

இமாம் கஸ்ஸாலி (வபாத்: 1111) இஹ்யாவில் நற்குணங்களைப் பழகுவது பற்றிச் சொல்லும்போது இதே எழுத்தணிக் கலைஞனைத்தான் உதாரணம் காட்டுகிறார். அழகாக எழுத விரும்புகிறவன், வல்லவன் எழுதுவதைப் போல வலிந்து எழுதிவரவேண்டும். நாளடைவில் அது அவனது இயல்பாகிவிடும். பணிவும் கொடையும் அப்படித்தான் என்கிறார். ஆகவே, மனம் ஒன்றாமல் தொடங்கும் பயிற்சி நயவஞ்சகமல்ல. ஆனால் உள்ளம் பிரசன்னமாயிராத தொழுகையைப் பற்றி அதே நூலில் எச்சரிப்பவரும் அவரே. இந்த இரண்டுக்கும் இடையில்தான் நான் நிற்கிறேன்.

பயிற்சியே ஆளைச் சேதப்படுத்துவதும் உண்டு. ரொபர்ட் ஷூமன் இளவயதில் பெரும் பியானோக் கலைஞராக வர எண்ணியிருந்தார். விரலைப் பலப்படுத்தக் கருவியொன்றையும் பயன்படுத்தினார். 1832 அளவில் வலக்கை விரல் செயலிழந்து அந்தக் கனவு முடிந்தது. காரணம் அந்தக் கருவிதானா என்பதில் இன்றும் ஒருமித்த கருத்தில்லை. ஆனாலும், விரலை வெறும் விரலாகப் பார்ப்பதிலுள்ள ஆபத்தை நினைக்க அவரது கதை போதும்.

என் கதைக்கு வருகிறேன். ஓதப்பள்ளியில் லெப்பையின் பிரம்புக்குப் பயந்து எழுத்துகளை உச்சரித்துப் பழகியவன் நான். பத்து வயதில் குர்ஆனை ஓதி முடித்தேன். வீட்டில் மகிழ்ச்சி, அயலுக்கெல்லாம் பண்டம். ஓதியதில் ஒரு வரிக்கும் பொருள் தெரியாது. யாரும் சொல்லித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டபோது எனக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது.

அதற்கு முன்பே வாப்பா மௌத்தாகிவிட்டார். சக்கராத்து வேளையில் யாஸீன் ஓதச் சொன்னார்கள். என் மூளை ஒன்றும் செய்யவில்லை. கண்ணீரில் எழுத்துத் தெரியவில்லை. ஆனால் நாக்கு ஓதியது. ஓரிடத்திலும் பிசகாமல், நிறுத்தவேண்டிய இடங்களில் நிறுத்தி, கடைசிவரை ஓதியது. உள்ளம் உடைந்து கிடந்த அந்த நேரத்தில் என்னைத் தாங்கியது ஓதப்பள்ளியின் பயிற்சிதான். அன்று அந்த லெப்பைக்கு மனதார துஆச் செய்தேன்.

இருந்தும், பின்னர் யாஸீனின் பொருளைப் படித்தபோது வேறொரு துக்கம் வந்தது. உயிர்ப்பிக்கப்படுதலைப் பற்றி அவ்வளவு வெளிப்படையாகப் பேசும் ஒரு சூராவை, வாப்பாவின் தலைமாட்டில் அது என்ன சொல்கிறதென்று அறியாமலே ஓதியிருக்கிறேன். எனக்கே ஆறுதலாக இருந்திருக்கக்கூடியதை என் வாயே சொல்லியும் நான் கேட்கவில்லை.

ஆகவே பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். திக்கித் திக்கிச் சிரமப்பட்டு ஓதுகிறவருக்கு இரண்டு கூலி என்பது நபிமொழி. என் குறை அந்தப் பயிற்சி எப்படித் தரப்பட்டது என்பதில்தான். உடம்பை முதலில் பழக்குவோம், உள்ளம் பிறகு வரட்டும் என்று நாம் பிள்ளைகளை வளர்க்கிறோம். அந்தப் 'பிறகு' பலருக்கு வருவதேயில்லை. ஷொப்பான் செய்ததைப் போல, சிரமத்தோடு அதன் அர்த்தத்தையும் முதல் நாளிலேயே ஒரு பிள்ளையின் கையில் கொடுக்க முடியாதா?

இப்போது பேரனுக்கு பாத்திஹா சொல்லிக் கொடுக்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு வசனம்தான். ஓதச் சொல்வேன், பொருளைச் சொல்வேன், மறுபடி ஓதச் சொல்வேன். மற்றப் பிள்ளைகளைவிடப் பிந்திவிட்டான் என்று மகளுக்குக் கவலை. நேற்று அவன் பாதியில் நிறுத்தி, "நேரான வழி எதுவென்று எங்களுக்குத் தெரியாதா, அப்பா? ஏன் ஒவ்வொரு நாளும் கேட்கிறோம்?" என்றான். எனக்கு உடனே பதில் வரவில்லை. மேலே அந்தப் பிள்ளை வாசித்துக்கொண்டிருந்தாள்.