சின்ன வயசிலிருந்தே

அவன் அந்த வார்த்தையைச் சொன்னபோது அவன் மனைவியின் நகம் நின்றது. அதைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை.

நடந்தது இவ்வளவுதான். நண்பன் ஆடிட்டர். சென்னையில் சொந்த அலுவலகம், நல்ல பெயர், நம்பி வரும் ஆட்கள். நாற்பத்து மூன்று வயதில் அத்தனையையும் கூட்டாளியிடம் ஒப்படைத்துவிட்டு விமானம் ஓட்டப் போகிறான். வடக்கே ஒரு பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நெருங்கியவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தான். பந்தி முடிந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். யாரோ கேட்டார்கள்: "ஏம்ப்பா, திடீர்னு இந்த ஆசை எங்கிருந்து வந்துச்சு?"

"திடீர்னு எல்லாம் இல்ல. சின்ன வயசிலிருந்தே" என்றான்.

அவன் மனைவி சாப்பாட்டு மேசை ஓரத்தில் உட்கார்ந்து, புதுக் கண்ணாடி ஒன்றின் காம்பில் ஒட்டியிருந்த விலை ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அதே மாதிரி இன்னொன்றை அவன் போட்டிருந்தான். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் பறக்கலாம் என்று மருத்துவச் சான்றில் எழுதப்பட்ட விமானி, பறக்கும்போது மாற்றுக் கண்ணாடி ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும். சர்வதேச விதி அது. அந்த இரண்டாவது கண்ணாடியைத்தான் அவள் தயார் செய்துகொண்டிருந்தாள். அவன் "சின்ன வயசிலிருந்தே" என்றதும் நகம் நின்றது. ஸ்டிக்கர் பாதி உரிந்து சுருண்டிருந்தது, பாதி பசையோடு ஒட்டியிருந்தது. பிறகு அவள் மறுபடியும் சுரண்ட ஆரம்பித்தாள். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

பணத்தை நினைத்து நின்றிருப்பாள் என்றுதான் முதலில் தோன்றியது. அவள் வங்கியில் வேலை பார்க்கிறவள். இனி சில வருடங்களுக்கு அந்த வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடும். செலவும் கொஞ்சநஞ்சம் இல்லை. வணிக விமானி உரிமம் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வானிலை, வழிகாணல், விமான விதிமுறை என்று எழுத்துத் தேர்வுகள், வானொலியில் பேசுவதற்குத் தனியாக ஒரு தேர்வு. உரிமம் கையில் வந்த பிறகும் ஏர்பஸ் 320 போல ஒரு குறிப்பிட்ட ரகத்தை ஓட்ட டைப் ரேட்டிங் எடுக்க வேண்டும். எல்லாம் சேர்ந்தால் அரைக் கோடியைத் தாண்டிவிடும். அதற்கப்புறம் வேலைக்குக் காத்திருக்க வேண்டும். விமான நிறுவனத்தில் எல்லாமே சீனியாரிட்டிதான். வெளியே அவன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்திருந்தாலும் வலது இருக்கையில், வரிசையின் கடைசி ஆளாகத்தான் சேர வேண்டும். இடது இருக்கையில் உட்கார்ந்திருக்கும் கேப்டனுக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்காது.

இதெல்லாம் அவனுக்குத் தெரியாததில்லை. கணக்கு அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இரண்டு விமானிகள் ஓட்டும் பயணிகள் விமானத்தில் கேப்டன் அறுபது வயது வரைதான் ஓட்டலாம் என்று சர்வதேச விதி இருந்தது. 2006இல் அதை 65 ஆக்கினார்கள். "அந்த அஞ்சு வருஷந்தான்டா எனக்குக் கிடைச்ச லாபம்" என்று என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறான். நாற்பத்தாறில் வேலை கிடைத்தாலும் பத்தொன்பது வருடம் கையில் இருக்கிறது. கடனை எத்தனை வருடத்தில் அடைக்கலாம், மகளின் கல்லூரிப் படிப்புக்கு எதை ஒதுக்கலாம் என்று தாளில் போட்டு வைத்திருந்தான். நான் பார்த்தேன். ஓட்டை இல்லாத கணக்கு.

ஆனால் அவன் பிளஸ் டூவில் படித்தது வணிகவியல். அவன் முயன்ற காலத்தில், விமானி உரிமத்துக்குப் பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் தேறியிருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே நாற்பதைத் தாண்டியவன் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பெயர் பதிந்து, ராத்திரி உட்கார்ந்து இயற்பியல் படித்தான். பதினோராம் வகுப்பில் இருந்த மகள்தான் வாத்தியார். மின்காந்தத் தூண்டல் அவனுக்கு மண்டையில் ஏறவே இல்லையாம். அவள் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த காந்தத்தைக் கழற்றி, செப்புக் கம்பியைச் சுற்றிக் காட்டினாளாம். அவன் இதைச் சொன்னபோது எனக்குக் கண் கலங்கியது. சம்பாதித்து, பேர் வாங்கி, தலை நரைத்த ஒரு மனிதன் மகளிடம் பாடம் கேட்கிறான் என்றால் அந்த ஆசையில் பொய் இருக்க வாய்ப்பில்லை.

பொய் இல்லை. சரி. ஆனால் சின்ன வயசிலிருந்தே என்றால் அவன் ஏன் வணிகவியல் எடுத்தான்?

அவன் விருதுநகர்க்காரன். அப்பாவுக்குப் பருப்பு மண்டி. அந்த வீட்டில் பிறந்த பையன் கணக்குப்பதிவியல் படிப்பது கேட்டு வாங்குகிற விஷயமில்லை, தானாக வந்து சேரும். அந்த ஊர்ப் பையனுக்கு விமானம் என்றால் அந்தக் காலத்தில் வானத்தில் இழுத்த ஒரு வெள்ளைக் கோடு, அவ்வளவுதான்.

நான் வளர்ந்தது பொழிச்சலூரில். மீனம்பாக்கம் ஓடுதளத்துக்கு அந்தப் பக்கம். எங்கள் தலைக்கு மேலேதான் விமானங்கள் போகும். வாலில் ஆரஞ்சு நிறம் தெரிந்தால் இந்தியன் ஏர்லைன்ஸ். சக்கரங்கள் உள்ளே மடங்குவதைக் கீழே நின்று பார்க்கலாம். பள்ளிக்கூடத்தில் தமிழய்யா பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது விமானம் வந்தால் வாக்கியத்தின் நடுவிலேயே நிறுத்திவிடுவார். கையிலுள்ள சுண்ணாம்புக்கட்டி பலகையில் அப்படியே நிற்கும். இரைச்சல் போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வார், ஒன்றும் நடக்காதது போல. அவர் எரிச்சல்பட்டு ஒரு நாளும் பார்த்ததில்லை. நாங்கள் அந்த இடைவெளியில் ஜன்னலைப் பார்ப்போம். பெரியவனானால் என்ன ஆவாய் என்று கேட்டால் வகுப்பில் பாதிப் பேர் பைலட் என்போம். நானும் சொன்னேன். ஒருவரும் ஆகவில்லை. ஆகவில்லையே என்ற வருத்தமும் எனக்குத் தெரிந்து யாருக்கும் இல்லை. தினம் மூன்று வேளை விமானம் பார்த்து வளர்ந்தவனுக்கு ஒட்டாத ஆசை, வெள்ளைக் கோடு பார்த்தவனுக்கு முப்பது வருடம் ஒட்டியிருந்தது என்றால் நான் நம்பத் தயார். அப்படியும் நடக்கும். ஆனால் எனக்குள் ஒரு கேள்வி இடறுகிறது. அவன் அதை அங்கே ஏன் சொல்ல வேண்டியிருந்தது?

கல்லூரி நாளில் நூலகத்தில் எடுத்துப் படித்த ஒரு புத்தகம் நினைவுக்கு வருகிறது. 'குட்டி இளவரசன்' எழுதிய அந்துவான் து செந்த்-எக்சுபெரி தன் விமான அனுபவங்களைச் சொல்லி 1939இல் வெளியிட்ட நூல். பெரும்பகுதி மறந்துவிட்டது. ஒரு இடம் மட்டும் நிற்கிறது. தபால் விமானம் ஓட்டப் போகும் முதல் நாள், விடியாத இருட்டில், துலூஸ் நகரத்தின் பழைய பேருந்தில் விமான நிலையத்துக்குப் போகிறார். கூடவே வேலைக்குப் போகும் வயதான குமாஸ்தாக்கள். நோயைப் பற்றியும் பணத்தைப் பற்றியும் வீட்டுக் கவலைகளைப் பற்றியும் தாழ்ந்த குரலில் பேசுகிறார்கள். இவர்களுக்குள் தூங்கிக் கிடந்த கவிஞனையோ வானியலாளனையோ காலத்தில் யாரும் எழுப்பவில்லை, களிமண் காய்ந்துவிட்டது, இனி முடியாது என்று அவர் நினைப்பதாக நினைவு. அன்று படித்தபோது மயிர்க்கூச்செறிந்தது. இன்று அந்தப் பேருந்தில் நான் குமாஸ்தாக்களின் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் காலையில் அவருக்கு வயது 26. அதே மனிதர், போரின்போது, வயது வரம்பெல்லாம் தாண்டிய பிறகும் பறந்தே தீருவேன் என்று மன்றாடி அனுமதி வாங்கினார். 1944 ஜூலை 31 அன்று கோர்சிகாத் தீவிலிருந்து உளவுப் படம் எடுக்கக் கிளம்பியவர் திரும்பவில்லை. அப்போது அவருக்கு 44.

அவருடைய தீர்ப்பு கடுமையானது என்பதைவிட, அதன் அடியில் இருக்கும் எண்ணம்தான் இப்போது என்னை உறுத்துகிறது. ஆசை என்றால் அது முன்பே உள்ளே இருந்திருக்க வேண்டும். ஒன்று எழும்பும், இல்லையென்றால் காய்ந்துபோகும். பிறகு புதிதாக வந்து சேராது. ஜே.ஆர்.டி. டாட்டாவின் கதையையும் இப்படித்தான் சொல்வார்கள். 1932இல் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டி வந்தவர்; ஐம்பது வருடம் கழித்து, 78 வயதில், அதே பயணத்தை மறுபடி தனியாக ஓட்டிக் காட்டினார். எனக்கு அந்தக் கிழவரின் பயணம்தான் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் கதை எப்போதும் பிரான்ஸ் நாட்டுக் கடற்கரையில், பக்கத்து வீட்டுக்காரரான பிளேரியோவின் விமானங்களைப் பார்த்து வாய்பிளந்த சிறுவனிடமிருந்துதான் ஆரம்பமாகும்.

நம் பக்கத்துக்கு வந்தாலும் அதேதான். நடுவயதில் எல்லாவற்றையும் விட்டு வந்தவர் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது திருநாவுக்கரசர். சமண மடத்தில் தருமசேனர் என்று தலைமை இடத்தில் இருந்தவர், சூலை நோய் வந்து, திருவதிகையில் இருந்த அக்காவிடம் போய்ச் சேர்ந்தார். என் பாட்டி இந்தக் கதையைச் சொல்லும்போது அக்கா திலகவதியாரின் பகுதிக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்வாள். மணக்கவிருந்த கலிப்பகையார் போரில் இறந்ததும் உயிரை விடத் துணிந்தவள், தம்பிக்காகத் தரித்துக்கொண்டாள் என்று சொல்லி நிறுத்துவாள். எவ்வளவு பெரிய மாற்றம்! ஆனாலும் புராணம் அதை, பிறந்த சமயத்துக்குத் திரும்பி வந்ததாகத்தான் சொல்கிறது. திரும்பினார் என்றால் நமக்கு நிம்மதி. புதிதாக ஒன்றுக்குப் போனார் என்றால் ஏதோ நெருடுகிறது.

வீடுகளிலும் இப்படித்தான் பார்க்கிறேன். நாற்பதுக்கு மேல் ஒருவனுக்குப் புதிதாகப் பக்தி வரலாம், பெரியவர்கள் சந்தோஷப்படுவார்கள். சேமிப்பில் புதிய அக்கறை வரலாம். ஆசை மட்டும் வரக் கூடாது. வந்தால், யார் கெடுத்தது, எதைப் பார்த்து இப்படி ஆனான் என்று விசாரணை நடக்கும். அதனால் நாற்பது வயது ஆசைக்காரன் பத்து வயதிலிருந்து ஒரு சாட்சியைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. அந்த வயதுப் பையன் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். இது நியாயமில்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். மனிதன் நாற்பது வருடம் வாழ்ந்து, பார்த்து, களைத்து, அதன் விளைவாக ஒன்றை விரும்பினால் அதற்குப் பத்து வயதுப் பையனின் விருப்பத்தைவிட மதிப்பு கூடத்தானே வேண்டும்?

இங்கே நிறுத்தியிருந்தால் எனக்குத் தெளிவு வந்திருக்கும். ஆனால் அவன் போன பிறகு, அலுவலகக் காகிதம் ஒன்றைக் கொடுக்க அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, அன்னிக்கு அவன் சின்ன வயசிலிருந்தேன்னு சொன்னானே, அது உனக்கு முன்னாலேயே தெரியுமா?"

"தெரியாதுண்ணே" என்றாள். "கல்யாணமாகிப் பதினெட்டு வருஷமாச்சு. ஒரு வார்த்தை சொன்னதில்ல. எத்தனையோ தடவை பிளைட்ல போயிருக்கோம். ஜன்னல் சீட்டு பாப்பாவுக்கு, இல்லன்னா எனக்கு. இவரு நடைபாதை ஓரமா உட்காந்து தூங்கிருவாரு. வெளிய எட்டிக்கூடப் பாக்க மாட்டாரு."

நான் கடனைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவள் கையை அசைத்து மறுத்தாள்.

"காசப் பத்தி எனக்கு ஒண்ணுமில்லண்ணே. லோன் பேப்பர்ல நானும்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன், தெரிஞ்சுதான் போட்டேன். இது இப்பப் புதுசா வந்த ஆசைன்னா எனக்குச் சந்தோஷந்தான். எங்ககூட இருந்தப்ப வந்துச்சுன்னு நெனச்சுக்குவேன். பழசுன்னாத்தான் கஷ்டமா இருக்கு. அப்ப இத்தன வருஷம் பக்கத்துல தூங்கிட்டு வந்தது யாரு?"

ஊரார் வாயை அடைக்க அவன் எடுத்துக்கொண்ட வார்த்தை வீட்டுக்குள் வேறு வேலை செய்திருக்கிறது. ஆசை பழையது என்றால் அவன் பதினெட்டு வருடம் அவளிடம் மறைத்திருக்கிறான். புதியது என்றால் அன்று எங்கள் எல்லாரிடமும் பொய் சொன்னான். மூன்றாவதாக ஒன்று இருக்கலாம். ஆசை புதிதாக வந்து, அதன் வேகத்தில் பின்னால் போய், மண்டிக்கு மேலே பார்த்த வெள்ளைக் கோட்டுக்கு ஒரு அர்த்தத்தைக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். அப்படியானால் அவன் சொன்னதில் பொய்யும் இல்லை, மறைத்ததும் இல்லை. அவளிடம் இதைச் சொன்னேன். "இருக்கலாம்ணே" என்றாள். சமாதானம் ஆனதாகத் தெரியவில்லை.

போன வாரம் அவன் கூப்பிட்டான். அங்கே காலையில் ஒரே பனிமூட்டமாம். தரையே தெரியாததால் பறப்பதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தன்னைவிடப் பதினெட்டு வயது இளைய பயிற்சியாளரை சார் என்று கூப்பிடுகிறான். பக்கக் காற்றில் செஸ்னாவை இறக்குவதைப் பற்றி, மூக்கை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும், எந்த நொடியில் நேராக்க வேண்டும் என்று நிறுத்தாமல் பேசினான். இத்தனை வருடத்தில் அவன் எதைப் பற்றியும் இப்படிப் பேசிக் கேட்டதில்லை. அந்தக் குரலுக்கு வயது என்ன என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்டுவிடலாமா என்று நினைத்தேன்: எப்போதிலிருந்துடா இது, நிஜமாகச் சொல். இந்த ரெண்டு வருஷமாத்தான் என்று அவன் சொன்னால் அவளுக்கு ஆறுதல். ஆனால் கடனையும் விட்ட வேலையையும் சுமந்துகொண்டு அவன் ஊன்றி நிற்கிற ஒரே வாக்கியம் அதுதானோ என்று பயமாக இருந்தது. கேட்கவில்லை. அடுத்த முறை கேட்பேனா என்பதும் தெரியவில்லை. கேட்டு அவன் சொன்னாலும், அது நடந்ததா, அப்போதைக்கு அவனுக்குத் தேவைப்படுவதா என்று பிரித்தறிய என்னால் முடியுமா? முடியும் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை.