வழி கேட்டவள்

சென்ற மாதம் ஒரு மாணவி என்னிடம் வழி கேட்டாள். புதுக்கோட்டையிலிருந்து கடல்வரை சைக்கிளில் நான் போய்வரும் வழி. அவள் தனியாகப் போக நினைக்கிறாள். ஒரு தாளை எடுத்து மளமளவென்று எழுத ஆரம்பித்தேன். ஓரிடத்தில் பேனா நின்றுவிட்டது.

எங்கள் மாவட்டத்தில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு இரண்டு திசைகள் உண்டு. ஒன்று மேற்கும் வடக்கும்: அன்னவாசல், சித்தன்னவாசல், குடுமியான்மலை, நார்த்தாமலை என்று பாறைக் குன்றுகளைச் சுற்றிவரும் வழி. மலை என்று சொன்னால் கொல்லிமலைக்குப் போய் 70 கொண்டை ஊசி வளைவுகளை மிதித்து ஏறியவர்கள் சிரிப்பார்கள். ஆனாலும் பாறையும் மேடும் காலை நன்றாகவே சோதிக்கும். மற்றது கிழக்கு: அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மீமிசல். அங்கே கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து வடக்கே திரும்பினால் கோட்டைப்பட்டினம், மணமேல்குடி, கட்டுமாவடி. பிறகு நாகுடி வழியாகத் திரும்ப அறந்தாங்கி. மொத்தம் 100 கிலோமீட்டருக்கு மேல். கடல் என்றால் அலை என்று நினைத்துப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். அங்கே இருப்பது பாக் நீரிணை, பெரும்பாலும் குளம்போலக் கிடக்கும். ஆடி மாதம் போனால் மேல்காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு போய்க் கடலில் விடும். அதே காற்று திரும்பும்போது நெஞ்சில் கைவைத்து நிறுத்தும்.

ஆண் நண்பர்கள் தரும் வழிக்குறிப்பில் இவ்வளவுதான் இருக்கும். தூரம், ஏற்றம், காற்று, டீக்கடை. என் தாளில் இன்னொரு பத்தியும் இருந்தது. எந்தப் பெட்ரோல் பங்கில் கழிப்பறைக்குப் பூட்டு இருக்கிறது, எந்தக் கடையில் கல்லாவில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பார், எந்த ஊரில் பஸ் ஸ்டாப் திண்ணையில் எப்போதும் நான்கு பேர் இருப்பார்கள், அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள். இந்தப் பத்தியை நான் யோசித்து எழுதவில்லை, கை தானாக எழுதியது. மாதவிடாய் நாட்களைக் கணக்கு வைப்பதுபோல இதுவும் உடம்பில் ஏறிய கணக்கு.

பேனா நின்ற இடம் ஒரு தைலமரக் காடு. சாலையின் இருபக்கமும் வரிசையாக நட்ட மரங்கள், சில கிலோமீட்டருக்கு வீடு கிடையாது. அதன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் அங்கே ஒரு மோட்டார்சைக்கிளில் இரண்டு பேர் என் பின்னால் வந்தார்கள். முந்திப் போகவில்லை. நான் மெதுவாக மிதித்தால் அவர்களும் மெதுவாக, வேகமாக மிதித்தால் வேகமாக. ஒரு வார்த்தை பேசவில்லை. காடு முடிந்து முதல் வீடு தெரிந்ததும் சிரித்துக்கொண்டே தாண்டிப் போனார்கள். போலீஸில் சொல்லவும் எதுவுமில்லை, வீட்டில் சொல்லவும் எதுவுமில்லை. ‘ஒண்ணும் நடக்கல’ என்ற இரண்டு சொற்களுக்குள் பெண்கள் எவ்வளவு விஷயங்களை அடைத்துவைத்திருக்கிறோம்!

இதை அவளிடம் சொல்ல வேண்டுமா? இதுதான் என் கேள்வி. கேட்க எளிதாக இருக்கிறது. சொல்லிவிட வேண்டியதுதானே?

நான் பதினாறு வயதில் கேட்ட எச்சரிக்கைகள் அனைத்தும் என்மேல் அன்பு வைத்திருந்த பெண்களிடமிருந்து வந்தவை. அம்மா, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா. அவர்களில் யாரும் ‘போகாதே’ என்று சொன்னதில்லை. ‘அங்கே ஒரு பிள்ளைக்கு என்ன ஆச்சு தெரியுமா?’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். கதை முடியும்போது நான் செருப்பைக் கழற்றி வைத்திருப்பேன். வேலியை ஆண்கள் போட்டார்கள் என்று மேடையில் பேசுகிறோம். அதை வருடாவருடம் புதுமுள் வைத்து அடைத்துக் காத்தது யார் என்று யோசித்தால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. இப்போது முள் என் கையில்.

தகவல் கொடுப்பது வேறு, தடுப்பது வேறு, முடிவு அவளுடையது என்று ஒரு தோழி சொன்னாள். சரிதான், ஆனால் அவ்வளவு சுத்தமாகப் பிரித்துவிட முடியாது. பயம் என்பது வெறும் தகவல் அல்ல. நான் சொன்ன பிறகு அவள் பார்க்கப்போகும் காடு என்னுடைய காடு. ஒரு மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டாலே திரும்பிப் பார்ப்பாள். மரங்களின் வாசனை அவளுக்குக் கிடைக்காது. அதே சமயம், சொல்லாமல் விட்டால் மட்டும் அவள் முடிவு அவளுடையதாகிவிடுமா? எனக்குத் தெரிந்ததை மறைத்துவைத்து அவளைச் ‘சுதந்திரமாக’ அனுப்புவது அவளைக் குழந்தையாக நடத்துவதுதான்.

இன்னொரு வாதமும் எனக்குள் ஓடியது, அதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. பெண்கள் நிறையப் பேர் போனால்தான் சாலை பெண்களுக்கும் ஆகும், அதனால் அவள் போகட்டும், சொல்லிப் பயமுறுத்த வேண்டாம் என்று. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் என் லட்சியத்துக்கு இருபது வயதுப் பெண்ணை முன்னால் அனுப்பிப் பார்க்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அவள் கடலைப் பார்க்கப் போகிறாள். போராட்டத்துக்குப் போகவில்லை.

எங்கள் ஊரில் இந்த வாதத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது என்பதால்தான் அது என்னை இவ்வளவு எளிதாக இழுத்தது. 1991-இல் அறிவொளி இயக்கம் இங்கே வந்தபோது எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். ஷீலா ராணி சுங்கத் அப்போது ஆட்சியர். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டைக்குள் சைக்கிளில் வந்ததைப் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளை ஓட்டியவர்கள், குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பிய கதையும் அதில் உண்டு. கல்குவாரிப் பெண்கள், விவசாயக் கூலிப் பெண்கள். அவர்கள் கேலிக்கு நடுவில்தான் ஓட்டினார்கள், ஆனால் கூட்டமாக ஓட்டினார்கள். என் மாணவி தனி ஆள். அந்தப் படத்தைச் சுவரில் மாட்டிவைத்து இவளைத் தைலமரக் காட்டுக்குள் அனுப்புவது நியாயமான கணக்கு இல்லை.

அவர்களுக்குக் காரணமும் இருந்தது. தண்ணீர், வேலை, சந்தை. பெண் வெளியே போக நம் ஊர் அனுமதிச் சீட்டு கொடுக்கும், அதில் காரணம் எழுதியிருக்க வேண்டும். அரசு பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சைக்கிள்கூடப் பள்ளிக்கூடத்துக்குத்தான். சும்மா போவதற்குச் சீட்டு கிடையாது. ஆவுடையார்கோவிலைக் கடக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் போன மாணிக்கவாசகர் பாதிவழியில் அங்கேயே தங்கி, அந்தப் பணத்தில் கோயில் கட்டினார் என்பது ஐதீகம். போன வேலையை விட்டுவிட்டுப் போக்குக் காட்டிய ஓர் அமைச்சரை நாம் கைகூப்பி வணங்குகிறோம். கடைக்குப் போன பெண் அரைமணி நேரம் தாமதமானால் ஃபோன் வருகிறது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு பல மாதம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. திரும்பப் போனபோது காட்டின் ஓரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார். என் பாட்டிலைக் கொடுத்தேன்.

“ஏத்தா, தனியாவா வந்த?”

“ஆமா ஆத்தா. இந்த ரோட்டுல ஆளே இருக்காது, அதான் கொஞ்சம் பயம்.”

“ஆளே இல்லயா? அப்ப நாங்க யாரு?”

திரும்பிப் பார்த்தேன். மரங்களுக்கு நடுவே இரண்டு பெண்கள் சுள்ளி கட்டிக்கொண்டிருந்தார்கள். தினமும் வருகிறோம் என்றார். வெயில் ஏறுவதற்குள் வந்து பதினோரு மணிக்குள் போய்விடுவார்களாம். அந்த மோட்டார்சைக்கிள் பயல்களையும் அவருக்குத் தெரிந்திருந்தது. யார் வீட்டுப் பிள்ளைகள் என்றும் சொன்னார், ஒரு வசவோடு.

எனக்கு முகம் சிவந்துவிட்டது. எத்தனை தடவை அந்த வழியாகப் போயிருக்கிறேன்! விலையுயர்ந்த சைக்கிள், ஹெல்மெட், பார்வை முழுவதும் சாலையில். அவர்களை நான் ஆளாகவே கணக்கில் எடுக்கவில்லை. நான் ‘தனியாக’ இருந்த இடத்தில் அவர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். எனக்கு இன்னொரு வழி எப்போதும் உண்டு, வீட்டிலேயே இருந்துவிடும் வழியும் உண்டு. அவர்களுக்கு விறகு அங்கேதான் இருக்கிறது. அவர்கள் இருப்பதால் அந்தக் காடு பாதுகாப்பானது என்றும் சொல்லமாட்டேன். அவர்களுக்கு அங்கே என்னென்ன ‘ஒண்ணும் நடக்கல’ என்று நான் கேட்கவில்லை.

கடைசியில் தாளில் எழுதினேன். காட்டின் பெயர், எனக்கு நடந்தது மூன்று வரியில், ஆடு மேய்ப்பவர்கள் இருக்கும் நேரம், ஒரு பாட்டில் தண்ணீர் கூடுதலாக எடுத்துக்கொள், கேட்டால் கொடு. கதையாக எழுதவில்லை, ‘தெரியுமா’ என்று ஆரம்பிக்கவில்லை. அந்த மூன்று வரியை ஏழெட்டு முறை அடித்து எழுதினேன். அப்படியும் முள் போயிருக்குமா என்று தெரியவில்லை.

அவள் நின்றுகொண்டே படித்தாள். அந்த இடத்தில் கண் கொஞ்ச நேரம் நின்றது. தாளை மடித்துப் பையில் வைத்தாள்.

“ஆடி முடிஞ்சப்புறம் போனா காத்து கொறைஞ்சிருக்குமா மேம்?”

குறையும் என்றேன்.

“எங்க அம்மா உங்களுக்கு ஃபோன் பண்ணிக் கேட்டா என்ன சொல்வீங்க?”

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. அம்மா கேட்டால் பொய் சொல்லமாட்டேன், ஆனால் உன்னைக் கேட்காமல் எதுவும் சொல்லமாட்டேன் என்றேன். இரண்டும் ஒரே ஃபோனில் எப்படி முடியும் என்று அவள் கேட்டாள். ஆவணிவரை யோசிக்க நேரமிருக்கிறது என்றேன். அம்மா இன்னும் அழைக்கவில்லை.