குறைந்த கவலை

நசரத்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடிச் சுவரில் தினமும் காலையில் ஒரு காகம் வந்து உட்காருகிறது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் அதன் இனத்துக்குக் கிடைத்துள்ள இடம் 'குறைந்த கவலை'. கவலை யாருடையது என்று பட்டியல் சொல்வதில்லை. காகத்துடையது அல்ல என்பது மட்டும் நிச்சயம்.

பட்டியல் 1964இல் தொடங்கியது. 1994இலிருந்து எண்களாலான அளவுகோல்களை வைத்திருக்கிறது. பத்து ஆண்டுகள் அல்லது மூன்று தலைமுறைகள், இரண்டில் எது நீண்டதோ அந்தக் காலத்துக்குள், காரணங்கள் நீங்காத நிலையில், ஓர் இனத்தின் எண்ணிக்கை நூற்றுக்கு 80 குறைந்தால் அது 'மிக அருகியது'. 50 குறைந்தால் 'அருகியது'. 30 குறைந்தால் 'அழிய வாய்ப்புள்ளது'. முதிர்ந்த உயிரிகள் 50க்குக் கீழே போனாலும் முதல் வகைதான். 'தரவு போதாதது' என்றும் ஒரு வகை உண்டு. கடைசி உயிரி செத்துவிட்டது என்பதில் நியாயமான சந்தேகம் எதுவும் இல்லாதபோதுதான் 'அழிந்தது' என்று எழுதுவார்கள். இந்த எச்சரிக்கை வீணல்ல. 1900க்குப் பின் யார் கண்ணிலும் படாதிருந்த, ஜெர்டன் பெயர்தாங்கிய கோர்சர் பறவை, 1986இல் ஆந்திரத்தில் கடப்பைப் பக்கம் மீண்டும் அகப்பட்டது.

தொல்காப்பிய மரபியலும் உயிர்களை வகைப்படுத்துகிறது. ஓரறிவிலிருந்து ஆறறிவு வரை அங்கே கேள்வி ஒன்றுதான்: இந்த உயிரிடம் என்ன இருக்கிறது? சிவப்புப் பட்டியலின் கேள்வி வேறு: இது போய்விட இன்னும் எவ்வளவு தூரம்? உயிரைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. 'மிக அருகியது' என்ற தலைப்பின் கீழ் ஒரு கழுகும் ஒரு தவளையும் ஒரு மரமும் ஒன்றாக நிற்கலாம். அவற்றுக்குப் பொதுவானது முடிவின் அண்மை மட்டுமே.

எனக்கு இந்த முறை பழக்கமானது. வங்கியில் கடன்களை இப்படித்தான் பிரிக்கிறோம்: தரமானது, தரங்குறைந்தது, சந்தேகத்துக்குரியது, இழப்பு. தொண்ணூறு நாள் பாக்கி நின்றால் கணக்கு கீழே இறங்குகிறது. கடன் வாங்கியவன் நல்லவனா, அவன் நட்ட நெல் எப்படி என்பதெல்லாம் பேரேட்டுக்கு வேண்டியதில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. வங்கியின் பட்டியலில் ஆபத்து, பட்டியல் போடுகிறவனுக்கு. சிவப்புப் பட்டியலில் ஆபத்து பட்டியலில் இருப்பவனுக்கு. பாக்கி வைத்தவன் பட்டியலைப் படித்துக்கொண்டிருக்கிறான்.

திருக்கழுக்குன்றத்தை எடுத்துக்கொள்வோம். மலைமேல் நண்பகலில் இரண்டு கழுகுகள் வரும். குருக்கள் சோறு வைப்பார். அவை உண்டு பறந்துவிடும். பறவை நூல்கள் மஞ்சள்முகப் பாறு என்கிற இனம் அது. தலபுராணம் அவற்றைச் சாபம் பெற்ற முனிவர்கள் என்கிறது. தொண்ணூறுகளோடு அவை வருவது நின்றுபோயிற்று. அப்போது பட்டியலில் அந்த இனம் கவலைக்குரியதாக இல்லை. 2007இல்தான், நடுவே எந்தப் படியிலும் நிற்காமல், 'அருகியது' என்ற இடத்துக்கு அது போயிற்று.

பட்டியல் தாமதமானது என்று குற்றம் சொல்வது சுலபம். ஒரு குன்றுக்கு இரண்டு பறவைகள் வராததை வைத்து ஓர் இனத்தின் கணக்கை எழுத முடியாது, எழுதவும் கூடாது. சோற்றுடன் காத்திருந்தவருக்கு முதலில் தெரிந்தது. ஆனால் அவர் கண்டது இரண்டு பறவைகளின் இன்மையை. இனத்தின் இன்மையை அல்ல. புராணத்துக்கு இரண்டு போதும். இனத்துக்குப் போதாது. பட்டியல் இனத்தைக் காண்கிறது, அதற்குப் பறவை தெரிவதில்லை. கண் பறவையைக் காண்கிறது, அதற்கு இனம் தெரிவதில்லை. நம்முடைய சங்கடம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

இங்கே நம் கவிஞர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சிட்டுக்குருவிக்கு இரங்கற்பா எழுதாதவர் நம்மில் குறைவு. சிட்டுக்குருவியும் 'குறைந்த கவலை'தான். அது நம் தெருவிலிருந்து போனது உண்மையாக இருக்கலாம், எழுதத் தடையில்லை. ஆனால் இந்தக் கவிதைகள் குருவி நிறைய இருந்தபோது எழுதப்படவில்லை. அரிதானபின் விலை ஏறுவது சந்தையின் தர்மம். அரிதானபின் அன்பு ஏறுவதும் அதே தர்மம்தான் என்று தோன்றுகிறது. பட்டியல் தயாரித்தவர்கள் அரியது உயர்ந்தது என்று எங்கும் சொல்லவில்லை. எந்த வீட்டில் தீ எவ்வளவு பிடித்திருக்கிறது என்று மட்டும் சொல்கிறார்கள். அதை விலைப்பட்டியலாகப் படிப்பவர்கள் நாம்.

இன்னும் கடினமான ஒன்று இருக்கிறது. வெண்முதுகுப் பாறு 2000இல் 'மிக அருகியது' ஆயிற்று. தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து பதினைந்து ஆண்டுகளில் இந்தியாவில் அது நூற்றுக்கு 99க்கு மேல் மறைந்தது. டைக்ளோஃபினாக் என்கிற வலிமருந்து காரணம் என்று 2004இல் தெரிந்தது. மாட்டுக்குப் போட்ட மருந்து, மாடு செத்தபின் அதைத் தின்ற பறவையின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. மாட்டுக்கு ஊசி போடச் சொன்னவன் கொலைகாரன் அல்ல. அவன் மாட்டின் வலியைத் தாங்காதவன். மாடு எழுந்தால்தான் நாளை உழவு என்று நினைத்தவனாகவும் இருக்கலாம். வேட்டைக்காரனின் துப்பாக்கி செய்யாததை ஒரு தொழுவத்தின் கருணை செய்துவிட்டது. நம் அறநூல்கள் கொல்லாமையைச் சொன்னபோது கொல்பவன் யாரைக் கொல்கிறோம் என்று அறிந்திருந்தான். இந்தப் புதுப் பாவத்தில் கொலை இருக்கிறது, கொன்றவன் இல்லை. எந்த ஒரு ஊசியும் இனத்தை அழிக்கவில்லை. எல்லா ஊசிகளும் சேர்ந்து அழித்தன.

இந்தக் குற்றத்துக்குக் கண் போதாது. கூட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே பட்டியல் வேண்டும் என்றே சொல்வேன், அதன் மொழி எவ்வளவு வறட்சியாக இருந்தாலும். கூட்டாக நாம் செய்வதைக் கூட்டாகக் காட்டும் பேரேடு அது. அதில் நம் கணக்குதான் எழுதப்படுகிறது, பறவைகளின் பெயரில்.

ஆனால் பட்டியல் வந்தபின் கவலைப்படலாம் என்று இருப்பவனுக்கு எப்போதும் நேரம் பிந்தியிருக்கும். இன்று காலையும் சுவரில் ஒரு பிடி சோறு வைத்தேன். காகம் வந்தது. நேற்று வந்த அதே காகமா என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷமாகத் தினமும் பார்க்கிறேன். என்னைப் பொறுத்தவரை அது 'தரவு போதாதது'.