நித்தியமும் காமியமும்: கிள்ளான் பள்ளத்தாக்கு ரயில் எழுப்பும் ஓர் அறக்கேள்வி

நின்றுபோன ரயிலை ஒரு நகரம் மறுபடியும் ஓட்டுவதா என்பதைப் பெரும்பாலும் கணக்காளர்களே தீர்மானிக்கிறார்கள். எத்தனை பேர் ஏறுவார்கள் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாதபோது அது அறக்கேள்வியாகவும் ஆகிவிடுகிறது. பலன் உறுதியில்லாத ஒன்றைச் செய்யும் கடமை உண்டா?

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில், சுபாங் ஜெயாவிலிருந்து சுபாங் விமான நிலையத்துக்குச் சுமார் 8 கிலோமீட்டர் கிளைப்பாதை, 50 கோடி ரிங்கிட்டுக்கு மேற்பட்ட செலவில் போடப்பட்டது. 'ஸ்கைபார்க் லிங்க்' எனப்பட்ட அந்தச் சேவை 2018 மே 1இல் தொடங்கி, பயணிகள் மிகக் குறைவு என்பதால் 2023 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. 2024 ஆகஸ்டில் ஜெட் பயணிகள் விமானங்கள் சுபாங்குக்குத் திரும்பியதும், ரயிலும் திரும்பும் என்ற எதிர்பார்ப்புக்கு உயிர் வந்தது. 2025 ஏப்ரலில் ஏர் ஆசியா அங்கிருந்து விலகிக்கொண்டது. தண்டவாளம் இருக்கிறது, பயணி வருவாரா என்பதுதான் தெரியவில்லை.

கடமைக்கும் பலனுக்கும் உள்ள உறவை இந்தியத் தத்துவ மரபில் மிக நுணுகி ஆராய்ந்தவர்கள் மீமாம்சகர்கள். அவர்கள் கருமங்களை மூன்றாகப் பிரித்தார்கள். நாள் தவறாமல் செய்ய வேண்டியது நித்தியம். அக்கினிஹோத்திரம் அதற்கு எடுத்துக்காட்டு. ஏதேனும் ஒரு நிமித்தம் நேரும்போது செய்வது நைமித்திகம். குறித்த ஒரு பலனை வேண்டிச் செய்வது காமியம். மழை வேண்டிச் செய்யும் காரீரி வேள்வி இந்த வகை. நித்திய கருமத்துக்குப் பலன் உண்டா என்பதில் குமாரிலர் வழியினரும் பிரபாகரர் வழியினரும் ஒத்துப்போகவில்லை. ஆனால் அவர்களின் மூல நூலான ஜைமினி சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில் வரும் ஒரு முடிவு, ரயிலைப் பற்றி யோசிப்பவர் கட்டாயம் கவனிக்க வேண்டியது. காமிய கருமத்தை எல்லா அங்கங்களோடும் செய்யத் திராணி இருந்தால்தான் தொடங்க வேண்டும்; ஓர் அங்கம் குறைந்தாலும் பலன் கிடையாது. நித்திய கருமத்தை அப்படி விட்டுவிட முடியாது. சில அங்கங்கள் குறைந்தாலும் இயன்ற அளவில் செய்தே தீர வேண்டும்.

இந்தப் பிரிவின்படி, சுபாங் கிளை பிரியும் கிள்ளான் பாதை எதில் சேரும்? கோலாலம்பூரைக் கிள்ளானோடு இணைத்த அந்தப் பாதை 1886இல் திறக்கப்பட்டது. அதை நம்பி ஊர்கள் வளர்ந்தன. பிரிக்பீல்ட்ஸ் ரயில் யார்டிலும் செந்தூல் பட்டறையிலும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுத்தர்களும் தலைமுறை தலைமுறையாக உழைத்தார்கள்; அந்த யார்டு இருந்த நிலத்தில்தான் 2001இல் கேஎல் சென்ட்ரல் எழுந்தது. 1995இல் கொமுட்டர் என்னும் மின்சாரப் புறநகர் ரயில் வந்தது. பாடாங் ஜாவா, புக்கிட் பாடாக், தெலுக் பூலாய் போன்ற நிலையங்களின் அருகில் குடியேறி, கார் இல்லாமல் வேலைக்குப் போகலாம் என்று வாழ்க்கையை அமைத்துக்கொண்டவர்களுக்கு இந்த ரயில் ஒரு வாக்குறுதி. மீமாம்சகருக்குக் கடமையைப் பிறப்பிப்பது வேதவிதி; அது இல்லாத இடத்தில் கடமையைப் பிறப்பிப்பது இத்தகைய வாக்குறுதிதான். ஆகவே இது நித்தியம்.

2016இல் தொடங்கிய இரட்டைப் பாதைச் சீரமைப்பின்போது பல இடங்களில் ஒரே தடத்தில் ரயில்கள் ஓடின. இடைவெளி நீண்டது, தாமதம் வாடிக்கையானது. 2014இல் ஆண்டுக்கு 4.5 கோடியைத் தாண்டியிருந்த கொமுட்டர் பயணங்கள் 2019இல் 3 கோடி அளவுக்கு இறங்கின. பயணி போனதால் ரயில் குறையவில்லை. ரயில் குறைந்ததால் பயணி போனார். நித்திய கருமத்தை விட்டால் வரும் குற்றத்தைப் பிரத்தியவாயம் என்பார்கள். இங்கே அந்தக் குற்றத்தின் சுமையைத் தாங்கியவர் விட்டவர் அல்லர், நடைமேடையில் காத்திருந்தவர்.

தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கு ஓடும் சிறப்பு ரயில்கள் நைமித்திகம். 2010இல் பத்துமலைக் கிளைப்பாதை மின்மயமாகிக் கொமுட்டர் சேவைக்கு மீண்டதிலிருந்து, லட்சக்கணக்கானோர் கூடும் நாளில் அவற்றின் தேவையை எவரும் கேள்வி கேட்பதில்லை.

பலனைப் பாராமல் நித்தியத்தைச் செய்ய வேண்டும் என்பதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வேள்வி செய்பவர் தன் பொருளைச் செலவிடுகிறார். அரசு செலவிடுவது மக்களின் பணத்தை. காலி ரயிலுக்குப் போகும் ரிங்கிட் பேருந்துக்கோ மருத்துவமனைக்கோ போகாமல் போகிறது. இந்த மறுப்பு நியாயமானது. அதற்கு விடை மேற்சொன்ன 'இயன்ற அளவு' என்ற விதியிலேயே இருக்கிறது. பெட்டிகள் குறையலாம், தடம் பழுதான நாளில் பேருந்து ஓடலாம், ஆனால் சொன்ன நேரத்துக்கு ஏதோ ஒன்று வந்தாக வேண்டும். பலனைக் காட்டி நிரூபித்த பிறகே நித்தியம் தொடரும் என்று நிபந்தனை விதிப்பதுதான் தவறு.

ஸ்கைபார்க் ரயில் காமியம். விமானப் பயணி என்ற குறித்த பலனை வேண்டித் தொடங்கியது அது. கேஎல் சென்ட்ரலிலிருந்து 15 ரிங்கிட் கட்டணத்தில், அடிக்கடி கிடைக்காத சேவையாக, அங்கம் குறைந்தே ஓடியது, பலிக்காததில் வியப்பில்லை. போதிய விமானங்கள், அடிக்கடி ரயில், எளிய கட்டணம் ஆகிய மூன்றும் சேரும்வரை அதை மீட்காமல் இருப்பது பிழையாகாது. கிள்ளான் பாதையில் அந்தக் காத்திருப்புக்கு இடமில்லை. மீட்புக்கு ஒதுக்கும் முதல் ரிங்கிட் அங்கேதான் போக வேண்டும்.