கேட்டால் என்ன ஆகும்?

புதிதாகப் போட்ட தெருச்சாலை ஒரே மழையில் கரைந்துவிட்டது. டீக்கடையில் அரை மணி நேரம் திட்டுகிறீர்கள். “எல்லாம் கமிஷன்” என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறீர்கள். பிறகு அதே பள்ளத்தில் வண்டியை இறக்கி ஏற்றி வீடு போய்ச் சேர்கிறீர்கள். யாருக்கு வலித்தது இந்தக் கோபம்?

அந்தச் சாலைக்கு ஒரு மதிப்பீடு உண்டு. எத்தனை மீட்டர் நீளம், எவ்வளவு கனம், என்ன கலவை, எல்லாம் அதில் இருக்கிறது. வேலையை அளந்து குறித்த அளவுப் புத்தகமும் உண்டு; பொறியாளர்கள் ‘எம்.புக்’ என்பார்கள். அலமாரியில் தூங்கும் அந்தப் புத்தகத்தை எழுப்ப உங்களுக்குத் தேவை ஒரு வெள்ளைத்தாள், பத்து ரூபாய்க்கு ஒரு நீதிமன்றக் கட்டண வில்லை. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு அந்தப் பத்து ரூபாயும் வேண்டாம்.

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், ‘உனக்கு எதற்கு இது?’ என்று கேட்கும் உரிமையை அதிகாரியிடம் கொடுக்கவில்லை. காரணம் சொல்ல வேண்டியதில்லை. கூழைக் கும்பிடும் தேவையில்லை. ‘மேன்மை தாங்கிய சமூகம்’ என்று மனுவைத் தொடங்கும் பழக்கத்தை முதலில் விடுங்கள்! 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதற்கும் மேலே மாநிலத் தகவல் ஆணையம். நியாயமில்லாமல் இழுத்தடிக்கும் தகவல் அலுவலரின் சொந்தப் பையிலிருந்து நாளொன்றுக்கு 250 ரூபாய் என, 25,000 ரூபாய் வரை அபராதம் பிடிக்கலாம். காகிதம் மட்டும்தான் கிடைக்கும் என்றும் நினைக்காதீர்கள். வேலை நடக்கும் இடத்தைப் பார்வையிடலாம். போட்ட பொருளில் மாதிரி எடுத்துத் தரச் சொல்லலாம்.

இந்தச் சட்டத்துக்கு உரம் போட்டவர்களில் பலர் பள்ளிக்கூட வாசலைத் தாண்டாதவர்கள். ராஜஸ்தானில் மண் வெட்டிக் கூலி வாங்கியவர்கள். அருணா ராய் ஐ.ஏ.எஸ். பதவியை உதறிவிட்டு வந்து அவர்களோடு நின்றார். 1990இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அவர்களது அமைப்பு பிறந்தது. 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற கிராமத்தில் ஊரைக் கூட்டி, அரசின் கூலிப் பட்டியலை உரக்கப் படித்தார்கள். வேலைக்கே போகாதவர்களின் பெயர்களும் அதில் இருந்தன! கண்ணெதிரே முடியாமல் நின்ற கட்டடம், காகிதத்தில் கட்டி முடிந்திருந்தது. அதுவரை கிசுகிசுத்த ஊர் அன்று கொதித்தது.

தகவல் கேட்கும் உரிமைக்காக 1996இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா. சந்தையில் காய்கறி விற்றவர்கள் போராடியவர்களுக்குக் காய் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் அதிகம் படிக்காத ஒரு பெண் பத்திரிகையாளர்களிடம் கேட்ட கேள்விக்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை: பத்து ரூபாய் கொடுத்துக் கடைக்கு அனுப்பிய பிள்ளையிடமே கணக்குக் கேட்கிறோம், என் பெயரைச் சொல்லிக் கோடி கோடியாகச் செலவழிக்கும் அரசிடம் கேட்கக் கூடாதா?

பயமாக இருக்கிறதா? இருக்கட்டும். தனியாகக் கேட்டவர்கள் அடிவாங்கியதும் உயிர்விட்டதும் இந்த நாட்டில் நடந்திருக்கிறது. அதை மறைத்து உங்களை உசுப்பிவிட எனக்கு மனமில்லை. ஆகவே தெருவே சேர்ந்து கேளுங்கள். ஒரே மனுவைப் பத்துப் பேர் தனித்தனியாக விரைவுத் தபாலில் அனுப்பினால் எந்த ஒருவரைக் குறிவைப்பார்கள்? வந்த பதிலைப் பூட்டி வைக்காமல் கோயில் திண்ணையில் உட்கார்ந்து படியுங்கள். டேப்பை எடுத்துச் சாலையை அளந்து பாருங்கள். கணக்குச் சரியாக இருந்தால் ஊராட்சித் தலைவருக்குக் கைகொடுத்துப் பாராட்டவும் தயங்காதீர்கள். நேர்மையானவருக்கும் இந்தக் காகிதம்தான் கவசம்.

மனு இல்லாமலும் கேட்கலாம்: தமிழ்நாட்டில் கிராம சபை இருக்கிறதே, ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில்? பல ஊர்களில் தீர்மான நோட்டு வீடு தேடி வருகிறது. படிக்காமலேயே கையெழுத்துப் போட்டு அனுப்புகிறோம். அந்தப் பேனாவைக் கொஞ்சம் மூடி வையுங்கள். அடுத்த முறை நோட்டு வந்தால், “சபையில் வரவு செலவை வாசிங்க, கேட்டுட்டுப் போடுறேன்” என்று சொல்லித் திருப்பி அனுப்புங்கள்.